கொற்றனுக்குத் தெரியாதது

வாருங்கள், உள்ளே வாருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும். நான்கு மணிக்குத்தான் ஆட்டம், நீங்கள் மூன்றுக்கே வந்துவிட்டீர்கள். நல்லதுதான். பெனடிக்ட் வந்துவிட்டால் நம்மைப் பேசவிட மாட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாரம் முழுக்கப் பிள்ளைகளை வாய் திறக்கவிடாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து எல்லாருக்கும் சேர்த்துப் பேசுவார். உட்காருங்கள். அந்த நாற்காலியிலேயே உட்காரலாம். ஜூலையிலிருந்து சும்மாதான் கிடக்கிறது.

நூலகத்துப் பலகையில் நான் ஒட்டிய தாளைப் பார்த்துத்தானே போன் செய்தீர்கள்? பாங்க் மாற்றலில் பாளையங்கோட்டைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்றீர்கள். புது ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். மினசோட்டாவில் பதினேழு வருடம் இருந்தவன் நான். அங்கே பனிக்காலத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் ஐந்து பேர் உட்கார்ந்து இந்த ஆட்டத்தை ஆடுவோம். ஊரைவிட்டுப் போன பிறகு எனக்கென்று கிடைத்த முதல் மனிதர்கள் அவர்கள்தான். திரும்பி வரும்போது அங்கிருந்து நான் ஆசையாக எடுத்துவந்தது இந்தப் பகடைப் பை ஒன்றுதான்.

ஆட்டத்தில் பெரிய மர்மம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். அது நான். நடத்துநர் என்று தமிழில் பெயர் வைத்தேன். அன்றிலிருந்து, எங்களோடு ஆடிய சிதம்பரநாதன் அண்ணாச்சி என்னைக் கண்டக்டர் ஆக்கிவிட்டார். "கண்டக்டர் தம்பி, பாலைவனத்துக்கு ஒரு டிக்கெட்" என்று சொல்லிக்கொண்டேதான் இந்தப் படி ஏறுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த உலகத்தில் மீதி எல்லாரும் நான்தான்: காவல்காரன், சத்திரக்காரன், திருடன், மருத்துவச்சி. ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இந்த இருபது முகப் பகடை. பெரிய எண் விழுந்தால் நடந்தது. அவ்வளவுதான்.

விதி ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் சீக்கிரம் வந்தது நல்லது என்றேன். உங்களுக்குத் தெரிந்தது உங்கள் பாத்திரத்துக்குத் தெரியாது.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆடிப் பாருங்கள். அடுத்த அறையில் பெனடிக்டின் பாத்திரத்தைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் இங்கே உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். ஆனால் உங்கள் பாத்திரம் கேட்கவில்லை. அது விசில் அடித்துக்கொண்டு தாண்டிப் போகவேண்டும். போகும். முக்கியமான கட்டங்களில், காட்சியில் இல்லாதவர்களை மொட்டைமாடிக்கே அனுப்பிவிடுவேன். கூப்பிட்டால் இறங்கி வரவேண்டும்.

இதைச் சிதம்பரநாதன் அண்ணாச்சி மாதிரி ஆடியவர் யாருமில்லை. மினசோட்டாவிலும் நான் பார்த்ததில்லை. நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி பிடித்தவர். எங்கள் கதை நடக்கிற பாலைவனத்துக்கு வரைபடம் போட்டவரே அவர்தான். இல்லாத ஊருக்குப் புலப்படம் வரைந்து, மூலைக்கு மூலை எல்லைக்கல் குறித்திருப்பார். அவர் பாத்திரத்தின் பெயர் கொற்றன். வணிகக் கூட்டத்துக்கு வழிகாட்டி. போன டிசம்பரில் என்ன ஆயிற்று, கூட்டத்துக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஊற்று எங்கே இருக்கிறது என்று அண்ணாச்சிக்குத் தெரியும், வரைந்ததே அவர்தானே. கொற்றனுக்குத் தெரியாது. அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. மூன்று வாரம் கொற்றனைத் தவிக்கவிட்டார். கூட ஆடிய மரகதம், "அண்ணாச்சி, மேற்கே ஒரு எட்டு வைங்களேன்" என்று கெஞ்சினாள். "நான் வச்சிருவேன் தாயி, அவன் எதுக்கு வைப்பான்? யாராவது சொல்லணும்லா" என்றார். வழியில் காண்கிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கொற்றன் விசாரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில், ஜனவரியில், நானே ஒரு ஆட்டிடையனை அனுப்பினேன். கிழவன் வந்து, "மேற்கே போ" என்று சொன்ன பிறகுதான் கொற்றன் திரும்பினான். அன்றைக்கு அண்ணாச்சி மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. தெரிந்த இடத்துக்குப் போக ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

மார்ச் மாதம் அவர் மனைவி போன் செய்தார். கோமதி மதினி எனக்குப் போன் செய்ததே இல்லை. "தம்பி, உங்க அண்ணாச்சிக்கு அந்தச் சீக்குதான்னு மதுரையில சொல்லிட்டாங்க. நெஞ்சுல ரெண்டு பக்கமும் பரவிட்டாம். மழை முடியறதுக்குள்ளன்னு சொல்லுதாங்க. அவுகளுக்குத் தெரியாது. சளிக்கட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வாராவாரம் பாக்குதவங்க, மூஞ்சியில காட்டிராதீங்க."

"சக்திக்குச் சொல்லியாச்சா மதினி?" என்று கேட்டேன்.

அண்ணாச்சிக்கும் மதினிக்கும் ஒரே மகள் பிரம்மசக்தி. ஐந்து வருடத்துக்கு முன்னால் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டது. நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

"எப்படித் தம்பி சொல்ல? அலறிக்கிட்டு ஓடியாருவா. அஞ்சு வருசமா வாசப்படி மிதிக்காதவ திடீர்னு வந்து நின்னா அவுகளுக்கு வெளங்கிராதா?" என்றார். நியாயம்தானே. நம் பக்கத்தில் இது புதிதா? என் அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்கே சொல்லவில்லை. மினசோட்டாவிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றார்கள். ஒரு மாதம் தூங்கினார். நான் யாரையும் குறை சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கொற்றன் தூங்குகிறான், காட்சியில் இல்லை என்று சொல்லி அண்ணாச்சியை மாடிக்கு அனுப்பினேன். அவர் போனதும் மற்ற இருவருக்கும் விஷயத்தைச் சொன்னேன். பெனடிக்ட் தன் பகடைகளை எடுத்துப் பைக்குள் போட்டார். மரகதம் அழுதுவிட்டாள். அவள் மார்க்கெட் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், மாத்திரைச் சீட்டு வந்ததுமே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. நான் சொன்னேன்: நமக்குத் தெரியும், ஆனால் மேசையில் தெரியாது. விதி பழகிய விதிதான், இன்னும் கொஞ்சம் பெரிதாக. அவ்வளவுதான்.

அண்ணாச்சி இறங்கி வந்து, "என்ன, கொற்றன் தூங்கும்போது என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒன்றும் நடக்கவில்லை" என்றேன்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. ஒரு சிராய்ப்பு இல்லாமல் ஓடியது, அதை நான் சொல்லியாக வேண்டும். பெனடிக்ட் வழக்கத்தைவிட அதிகமாக ஜோக் அடித்தார், அதுதான் ஒரே குறை.

மே மாதம் வந்தது. கத்திரி வெயில். கொற்றன் திடீரென்று கூட்டத்தைவிட்டு விலகி, மூன்று நாள் நடை தள்ளியிருந்த ஒரு ஊருக்குப் போனான். ஏன் என்றேன். "அவனுக்கு மூச்சு வாங்குது தம்பி. அங்க ஒரு மருத்துவச்சி இருக்காளாம்" என்றார் அண்ணாச்சி. கொற்றனுக்கு மூச்சு வாங்க ஆட்டத்தில் எந்தக் காரணமும் இல்லை. நான் அவனுக்கு எந்த நோயும் கொடுக்கவில்லை. இருந்தாலும் போகவிட்டேன். மற்ற இருவரையும் முறைப்படி மாடிக்கு அனுப்பியிருக்க வேண்டும். வெயில் தலையைப் பிளந்தது, இங்கேயே இருங்கள் என்றுவிட்டேன். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவச்சி நான்தான். அண்ணாச்சி நாற்காலியை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டார். கொற்றனுக்கென்று ஒரு குரல் வைத்திருப்பார், கொஞ்சம் கட்டையாக. அன்றைக்கு அந்தக் குரல் இல்லை.

"என் உடம்புல என்ன இருக்குன்னு பாருங்க. எதுன்னாலும் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் முட்டாள் இல்லை. ஆடுகிறவர் தன்னுடையதைப் பாத்திரத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறார், அவ்வளவுதான். பெரிய ஆட்டக்காரர்களும் சறுக்குகிற இடம் அது. அந்த இடத்தில் நடத்துநர் உறுதியாக நிற்காவிட்டால் ஆட்டம் நாறிவிடும்.

"பகடை உருட்டுங்கள்" என்றேன்.

உருட்டினார். பத்தொன்பது. பத்தொன்பது விழுந்தால் மருத்துவச்சி உண்மையைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். உண்மை என்ன? கொற்றனுக்கு நோய் இல்லை. ஆகவே, "உனக்கு ஒன்றுமில்லை. நூறு வருடம் இருப்பாய்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "இல்ல, எதுக்குக் கேக்கேன்னா, எனக்கு ஒரு மக இருக்கா. தூரத்துல இருக்கா. அவளுக்குச் சொல்லி அனுப்பணுமா வேண்டாமான்னு தெரிஞ்சாப் போதும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் ஆள் அனுப்பிருவேன்."

தாளை எடுத்துப் பார்த்தேன். நான் எப்போதும் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். "கொற்றனுக்கு மகள் கிடையாதே அண்ணாச்சி. தாளில் எழுதவில்லையே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆமா, இல்லல்லா. மறந்துட்டேன் தம்பி" என்றார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மரகதம் குறுக்கே புகுந்தாள். அவள் பாத்திரம் ஒரு உப்பு வணிகச்சி. "கொற்றா, அவளுக்கு ஆள் அனுப்பு. இன்னைக்கே அனுப்பு" என்றாள்.

உடனே நிறுத்தினேன். "உப்பு வணிகச்சி இங்கே இல்லை. ஒட்டகத்தோடு மூன்று நாள் நடைக்கு அப்பால் இருக்கிறாள். அவள் பேசியது நடக்கவில்லை" என்றேன். நடக்கவில்லை என்று நான் சொல்லிவிட்டால் அது நடக்கவில்லை. கேட்டவர்கள் கேட்காதவர்கள். தண்டனையாக அவளுக்கு ஒரு முறை ஆடும் வாய்ப்பும் போயிற்று.

அண்ணாச்சி எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். மரகதத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சரி, கொற்றன் கிளம்புதான்" என்றார். அதற்குப் பிறகு வந்த வாரமெல்லாம் கொற்றனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. படி ஏறும்போது அவருக்குத்தான் வாங்கியது. பாதிப் படியில் நின்று, "கண்டக்டரே, வண்டிய எடுத்துராதீங்க" என்று கீழேயிருந்து சத்தம் கொடுப்பார்.

ஜூலையில் போய்விட்டார். மழைக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

சக்திக்கு அன்று காலையில்தான் தகவல் போனது. பிளேன் பிடித்து வர இரண்டு நாள் ஆகும் என்றது. மதினியின் அண்ணன்மார் காத்திருக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். இருக்கிறவரைக்கும் படி ஏறாதே என்றவர், போன பிறகு மட்டும் வா என்றா சொல்வார் என்று கேட்டார்கள். அந்தப் பெண் வந்தபோது சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சக்தி இங்கே வந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அங்கேதான் உட்கார்ந்தது. நெற்றி அப்படியே அண்ணாச்சி.

"அப்பா ஞாயித்துக்கிழமை தவறாம இங்கதான் வருவாங்களாம். என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா அங்கிள்?"

என்ன சொல்வது? நான் பொய் சொல்கிறவன் இல்லை. யோசித்தேன். நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்: "இல்லைம்மா."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை."

தலையை ஆட்டியது. அழவில்லை. அப்பா கையெழுத்தில் ஏதாவது இருந்தால் வேண்டும் என்று கேட்டது. பாலைவனத்து வரைபடத்தைக் கொடுத்தேன். விரித்து, எல்லைக்கல் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு?" என்றது. இல்லாத ஊரம்மா என்றேன். மடித்து எடுத்துக்கொண்டு போயிற்று. இப்போது நம்மிடம் இருப்பது நான் நினைவிலிருந்து வரைந்தது, அளவு சரியாக இருக்காது.

மரகதம் ஆட்டத்துக்கு வராமல் நின்றுபோனது அதனால்தான். மறுநாளே வந்தாள். "இல்லைன்னு சொன்னீங்களாமே சார். நம்ம முன்னாலதான சொன்னாரு" என்றாள்.

"அது கொற்றன் சொன்னது" என்றேன்.

"அன்னைக்குக் கண்ணைத் துடைச்சாரே, அது யாரு சார்? கொற்றனா?"

"அது இருமல்" என்றேன்.

தன் பகடைகளை ஒவ்வொன்றாக இந்த மேசையில் எடுத்து வைத்தாள். நான் வாங்கிக் கொடுத்தவை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு மதினிகிட்ட போயி, 'கண்டக்டர் சொல்லிட்டாரு, இனி எதுக்கு மறைக்க, அவளைக் கூப்பிடு'ன்னு சொல்லியிருப்பாரு சார். அதுக்குத்தான் அந்த மனுசன் மூணு நாள் நடந்து வந்தாரு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கடையில் நின்றுகொண்டு வலி மாத்திரையைச் சளி மாத்திரை என்று சொல்லி அவர் கையில் கொடுத்தது யார்? நானா? அங்கே விதியைக் காப்பாற்றினாயே, இங்கே மட்டும் என்ன என்று கேட்டேன். "ஆமா சார், நானும்தான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் ஆள் போய்விட்டது. அதனால்தான் நூலகத்தில் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

சரி, வேலையைப் பார்ப்போம். கொற்றனை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு பாத்திரம் உண்டாக்க நேரம் பிடிக்கும். அவன் நன்றாகத்தான் இருக்கிறான், நூறு வருடம் இருப்பான். இதுதான் அவன் தாள்.

திருப்பிப் பாருங்கள். பரவாயில்லை, இந்த ஒரு தடவை. பின்பக்கம் இரண்டு பத்தி போடச் சொல்வேன். இடப்பக்கம் ஆடுகிறவருக்குத் தெரிந்தது, வலப்பக்கம் பாத்திரத்துக்குத் தெரிந்தது. கலந்துவிடாமல் இருக்க ஒரு பயிற்சி. பின்பக்கம் ஆடுகிறவருக்கு மட்டும்தான், நான்கூடப் பார்ப்பதில்லை. அண்ணாச்சி போன பிறகுதான் பார்த்தேன். அளவைக்காரர் எழுத்து, எவ்வளவு பொடியாக இருக்கிறது பாருங்கள். இடப்பக்கத்தை நானே படிக்கிறேன்.

மார்ச் 9. ரிப்போர்ட்டை நானே படித்தேன். கோமதிக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று கோமதிக்குத் தெரியாது. அவள் அந்தத் தைரியத்தில்தான் சமைக்கிறாள், தூங்குகிறாள்.

மார்ச் 17. மாடியில் நின்றேன். இறங்கி வந்தபோது மரகதம் அழுதிருந்தாள்.

பார்த்தீர்களா? முதல் நாளிலிருந்தே தெரியும் மனுஷனுக்கு. தெரிந்துகொண்டே நான்கு மாதம் இந்த மேசையில் ஒரு சொல் சிந்தவில்லை. இப்படி ஒரு ஆட்டக்காரரை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்? இதைத்தான் மரகதத்துக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். பிறகு, எதற்கு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வரி மே மாதம் எழுதியது. "ஆட்டிடையன் வரவில்லை." அது மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆட்டிடையன்தான் ஜனவரியிலேயே வந்துவிட்டானே. மாத்திரை மயக்கத்தில் தேதி குழம்பியிருக்கும். நானும் ராவும் பகலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். குழப்பம்தான். வேறென்ன இருக்கப்போகிறது.

படியில் சத்தம் கேட்கிறது, பெனடிக்ட்தான். தாளைத் திருப்பி வையுங்கள். நான் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும், கொற்றனுக்குத் தெரியாது. பேனா இருக்கிறதா?

என்ன கேட்டீர்கள்? வலப்பக்கமா? கொற்றனுக்குத் தெரிந்ததில் கடைசியில் ஏதோ எழுதி அழித்த மாதிரி இருக்கிறதா? ஆமாம், நான்தான் அழித்தேன். மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று பென்சிலால் சேர்த்திருந்தார். ஆட்டம் தொடங்கிய பிறகு சேர்ப்பது செல்லாது.

ரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. பேனா வைத்தால் கிழியும். அதை விட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள்.